ரசீதில பால் இரட்டிச்சு வருது: ஒரே பைல் ரெண்டு தரம் லோட் ஆகிறதை எப்படி நிப்பாட்டுறது?

மல்லாவிப் பெடியன் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. முழுக்கச் சொன்னாத்தான் பிழை எங்க எண்டு பிடிக்கலாம்.

எங்கட ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்துக்கு நான் ஒரு சின்ன சிஸ்டம் எழுதிக் குடுத்திருக்கிறன். பிஎச்பியும் (கோட் எழுதுற மொழி) மைஎஸ்கியூஎல்லும் (டேட்டாபேஸ்). ஒரு பழைய லப்டொப்பில சாம்ப் (அந்த ரெண்டையும் சொந்தக் கொம்பியூட்டரிலயே ஓட்டுற பொதி) போட்டு ஓடுது, இன்டர்நெட் தேவையில்லை. விடிய ஐஞ்சரைக்குச் சனம் சைக்கிளில கான் கட்டிக்கொண்டு வரத் தொடங்கும். ஏழரைக்கு பவுசர் வந்து ஏத்திக்கொண்டு போயிடும். அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஒவ்வொராளின்ர பாலையும் அளந்து, லக்டோமீற்றர் போட்டுப் பாத்து, லீற்றரை அடிச்சு, துண்டு குடுத்து விடவேணும். அடிக்கிறது அங்க வேலை செய்யிற அக்கா ஒராள். அவ அதே நேரம் கொப்பியிலயும் எழுதுவா.

பைலுகளின்ர பேரை விளங்கிறதுக்காகத் தமிழில சொல்லுறன். "கணக்கு" எண்டொரு பைல். அதின்ர மேல் பாதியில பங்ஷனுகள் (பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடுற கோட் பகுதிகள்): லீற்றருக்கும் கொழுப்புக்கும் ஏத்த விலை பாக்கிறது, ஒராளின்ர மீதி எடுக்கிறது. கீழ்ப் பாதியில, படிவத்தில இருந்து லீற்றர் வந்திருந்தா அதை டேட்டாபேசில ஒரு வரியாச் சேர்க்கிற கோட். "பதிவு" எண்ட பக்கம் இந்தக் கணக்கை இன்க்ளூட் பண்ணும், அதாவது அந்தப் பைலை உள்ளுக்கு எடுத்து ஓட்டும். முதல் ஆறு மாதமும் இவ்வளவுதான். ஒரு கரைச்சலும் இல்லை.

தை மாதம், துண்டைக் கையால எழுதாமல் பிரின்ட் பண்ணித் தரச் சொல்லிக் கேட்டவை. சின்ன தேர்மல் பிரின்டர் ஒண்டு வாங்கினம். "ரசீது" எண்டு புதுப் பைல் எழுதினன். அதுக்கும் விலை பாக்கிற பங்ஷன் வேணும், அதால அதுக்குள்ளயும் கணக்கை இன்க்ளூட் பண்ணினன். பதிவுப் பக்கம் தன்ர வேலை முடிய ரசீதை இன்க்ளூட் பண்ணும்.

உடன பேட்டல் எரர் வந்தது. இந்த பங்ஷனைத் திருப்பி டிக்ளேர் பண்ண ஏலாது, இன்ன பைலில ஏற்கனவே டிக்ளேர் பண்ணியாச்சு எண்டு. அது சொல்லுற ரெண்டு பைலும் ஒரே பைல், அதே கணக்கு. நான் ஒருக்காத்தானே எழுதினனான் எண்டு கனநேரம் குழம்பினன். தேடிப் பாத்தா, ஒவ்வொரு பங்ஷனையும் "இந்தப் பேரில பங்ஷன் இல்லாட்டி மட்டும்" எண்ட இஃப்புக்குள்ள போடச் சொல்லி ஓரிடத்தில கிடந்தது. போட்டன். எரர் போச்சு. இரவு பதினொரு மணி. என்ர அம்மாவின்ர பேரில ஒண்டு அடிச்சு, துண்டில எழுத்து வடிவா விழுகுதோ எண்டு மட்டும் பாத்திட்டுப் படுத்திட்டன்.

அடுத்தநாள் விடிய வந்த ஆக்கள் துண்டை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போயிட்டினம். ஒரு ஆச்சி மட்டும் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு வாசிச்சுப்போட்டு, படலையடிக்குப் போனவ திரும்பி வந்து துண்டை மேசையில வைச்சவவாம். "பிள்ளை, இதில ஏழு லீற்றர் எண்டு கிடக்கு. என்ர மாடு விடிய மூண்டரைதான். ஆற்றையோ பால் என்ர பேரில ஏறிப்போச்சு, உதைத் திருத்து" எண்டாவாம். அக்கா எனக்குக் கோல் எடுக்கேக்க முப்பத்தெட்டுப் பேர் அளந்து முடிஞ்சுது. டேட்டாபேசைத் திறந்தா எழுபத்தாறு வரி.

கொப்பி இருந்தபடியால அண்டைக்கே எல்லாத்தையும் திருத்திப்போட்டன். ரசீதை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. இது சனத்தின்ர காசு. அந்த ஆச்சி வாசிக்காமல் போயிருந்தா, பத்து நாள் கழிச்சுக் காசு குடுக்கேக்கதான் தெரிய வந்திருக்கும்.

ரிக்வயர் ஒன்ஸ் எண்டு, ஏற்கனவே எடுத்த பைலைத் திருப்பி எடுக்காத ஒண்டு இருக்கு எண்டு தெரியும். ரசீதுக்குள்ள மட்டும் அதைப் போட்டுப் பாத்தன், இரட்டிக்கேல்லை. ஆனா பிறகு பதிவுப் பக்கத்தில ரசீதை மேல தூக்கிப் போட, திரும்பவும் இரட்டிச்சுது. ஒன்ஸ் எண்டா ஒருக்காத்தானே எடுக்கவேணும்? எனக்கு விளங்கேல்லை.

—

பூநகரிக் காத்து எழுதினது:

எல்லா இடத்திலயும் ரிக்வயர் ஒன்ஸ் போடுங்கோ. ஒரு இடத்தில போட்டு மற்ற இடத்தில சும்மா இன்க்ளூட் விட்டா சரிவராது. வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை.

—

வட்டக்கச்சி அக்கா எழுதினது:

தம்பி, அந்த ஆச்சியைக் காணேக்க நானும் விசாரிச்சதா ஒருக்காச் சொல்லுங்கோ. நானும் சனத்தின்ர காசுக் கணக்கு ஓடுற சிஸ்டங்களிலதான் பதினொரு வருசமா வேலை செய்யிறன். மேல சொன்ன பதில் பிழையில்லை. ஆனா அதோட நிண்டிடாதேங்கோ.

அண்டைக்கு நடந்ததை ஒவ்வொண்டாப் பாப்பம். பதிவுப் பக்கம் கணக்கை முதல் தரம் எடுத்தது. பங்ஷனுகள் பதிஞ்சுது, கீழ இருந்த கோட் ஓடிச்சுது, ஆச்சியின்ர மூண்டரை டேட்டாபேசுக்குள்ள போச்சுது. பிறகு ரசீது அதே பைலைத் திருப்பி எடுத்தது. நீங்கள் இஃப் போட முந்தி இந்த இடத்தில என்ன நடந்திருக்கும்? ஒரு பைலை எடுக்கேக்க பிஎச்பி முதல்ல அதை முழுக்கக் கொம்பைல் பண்ணும். ஒண்டுக்குள்ளயும் இல்லாமல் வெளியில எழுதின பங்ஷனுகளை அப்பவே பதியப் பாக்கும். பேர் ஏற்கனவே கிடக்கு எண்டவுடன அங்கயே நிண்டிடும். லீற்றரைச் சேர்க்கிற வரிக்கு ரெண்டாந்தரம் அது வந்து சேரவேயில்லை. எரர் வந்த நேரம் நீங்கள் அடிச்சுப் பாத்த பதிவுகளை டேட்டாபேசில போய்ப் பாருங்கோ, ஒவ்வொண்டுக்கும் ஒரு வரிதான் இருக்கும். இஃப் போட்ட பிறகு பங்ஷனுகள் பேசாமல் விலகிக் குடுத்தது, கீழ்ப் பாதி மட்டும் ரெண்டாந்தரமும் ஓடிச்சுது. அந்த பேட்டல் எரர்தான் உங்கட கணக்குக்குக் காவல் நிண்டது தம்பி. அந்த இஃப்புகள் எல்லாத்தையும் இண்டைக்கே கழட்டுங்கோ. பழைய பிஎச்பியில இல்லாத ஒரு பங்ஷனை நாங்களே எழுதிக் குடுக்கிற இடத்துக்குத்தான் அது சரி. உங்கட சொந்தப் பங்ஷனுக்கு அது வேண்டாம்.

இப்ப ஒன்ஸ் ஏன் உங்களுக்கு வேலை செய்யேல்லை எண்டு பாப்பம். கமநல சேவை நிலையத்தில உரம் குடுக்கேக்க ஒரு பேர்ப்பட்டியல் வைச்சிருப்பினம் எல்லோ, வாங்கின ஆளின்ர பேருக்கு நேர சரி போடுறது. பிஎச்பியிட்டயும் அப்பிடி ஒரு பட்டியல் இருக்கு. ஒரு பக்கம் ஓடி முடியும் வரைக்கும், எடுத்த ஒவ்வொரு பைலின்ர முழுப் பாதையும் அதில ஏறும். இன்க்ளூட், ரிக்வயர், ஒன்ஸ் போட்டது, போடாதது, எப்பிடி எடுத்தாலும் ஏறும். ஆனா எடுக்க முந்திப் பட்டியலைத் திறந்து பாக்கிறது ஒன்ஸ் போட்டது மட்டும்தான். சும்மா இன்க்ளூட் பட்டியலைப் பாக்காமலே எடுத்துக் குடுத்திடும். ரசீது கீழ இருந்த நேரம், பதிவு முதல்ல சும்மா எடுத்தது, பிறகு ரசீது ஒன்சால பாத்துட்டு விட்டது. ரசீதை மேல தூக்கினாப்பிறகு, ஒன்ஸ் முதல்ல எடுத்தது, பிறகு வந்த சும்மா இன்க்ளூட் ஒண்டையும் பாராமல் திருப்பி எடுத்தது. முழுக்க வரிசையில தங்கின விசயம். அதாலதான் எல்லா இடத்திலயும் மாத்தச் சொல்லினம்.

அந்தப் பட்டியலில ஆளை அடையாளம் காணுறது பாதையை வைச்சுத்தான். அடையாள அட்டை மாதிரி எண்டு வையுங்கோ. குறுக்குவழி லிங்க் ஒண்டால போனாலும் பிஎச்பி உண்மையான பாதையைத் தேடிப் பிடிச்சிடும், அது பரவாயில்லை. ஆனா அதே பைலைக் கொப்பி பண்ணி வேற போல்டரில வைச்சிருந்தா அதுக்கு ரெண்டு பேரும் ரெண்டு ஆள். உள்ள ஒரே கோட் எண்டு அதுக்குத் தெரியாது. ஒன்ஸ் போட்டாலும் ரெண்டையும் எடுக்கும். பென்டிரைவில கொண்டு திரியிற சிஸ்டங்களில இதை நான் கனக்கக் கண்டிருக்கிறன். "கணக்கு", "கணக்கு புதுசு", "கணக்கு கடைசி" எண்டு மூண்டு கிடக்கும், ஒரு பக்கம் ஒண்டை எடுக்கும், இன்னொரு பக்கம் மற்றதை எடுக்கும். உங்கட லப்டொப்பில ஒருக்காத் தேடிப் பாருங்கோ.

பாதையை எழுதேக்கயும் பைல் பேரை மட்டும் எழுதாதேங்கோ. பிஎச்பி அதைப் பல இடத்தில தேடும், எந்தப் பக்கத்தில இருந்து ஓடத் தொடங்கினது எண்டதைப் பொறுத்து வேற பைல் ஆப்பிடலாம். டிர் எண்ட மாறிலியை (முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு அண்டர்ஸ்கோர்) முன்னுக்குப் போட்டு எழுதினா, அந்த வரி இருக்கிற பைலின்ர போல்டரில இருந்து பாதை தொடங்கும். 2009ல வந்த பிஎச்பி 5.3ல இருந்து அது இருக்கு, உங்கட சாம்பில கட்டாயம் வேலை செய்யும்.

எந்தப் பைல் எடுபட்டது எண்டு பாக்க கெட் இன்க்ளூடட் பைல்ஸ் எண்ட பங்ஷன் இருக்கு. ஆனா எத்தினை தரம் எடுத்தாலும் அது ஒருக்காத்தான் காட்டும், அதை நம்பி ஏமாறாதேங்கோ. உங்களுக்கு வேண்டியது ஆர் கூப்பிட்டது எண்டது. கணக்கு பைலின்ர முதல் வரியில டிபக் பிரின்ட் பேக்ட்ரேஸ் எண்டு ஒரு வரி போட்டுப் பக்கத்தை ஓட்டுங்கோ. ரெண்டு தரம் அச்சடிச்சா, ரெண்டுக்கும் கூப்பிட்ட பைலும் வரி நம்பரும் வரும். பாத்திட்டு எடுத்துவிடுங்கோ.

இனி நான் எழுத வந்த விசயம். கணக்கு பைல் ரெண்டு வேலை செய்யுது. ஒண்டு, இப்பிடி இப்பிடிச் செய்யலாம் எண்டு சொல்லி வைக்கிறது. மற்றது, எடுத்த உடன ஒண்டைச் செய்யிறது. ரசீதுக்கு வேணும் எண்டது விலை பாக்கிற பங்ஷன் மட்டும். அதைக் கேட்கப் போக, லீற்றரைச் சேர்க்கிற வேலையும் கேளாமலே நடக்குது. ஒன்ஸ் போட்டா அது ரெண்டாந்தரம் நடக்காது, சரி. ஆனா நாளைக்கு "மாத அறிக்கை" எண்டு ஒரு பக்கம் எழுதுவீங்கள், அதுக்கும் விலை வேணும், அதுவும் கணக்கை எடுக்கும். ஒரே ஒருக்காத்தான் எடுக்கும், ஒன்சும் போட்டிருக்கும், ஆனா அறிக்கை பாக்க வந்த பக்கத்தில லீற்றர் சேர்க்கிற கோட் தயாரா நிக்கும். அந்தப் பக்கத்திலயும் லீற்றர் எண்ட பேரில ஒரு பெட்டி இருந்தா? அதனால கீழ்ப் பாதியை வெட்டி எடுத்து "லீற்றரைச் சேர்" எண்டு ஒரு பங்ஷன் ஆக்குங்கோ. அதைக் கூப்பிடுற வரி பதிவுப் பக்கத்தில மட்டும், ஒரு இடத்தில இருக்கட்டும். பிறகு கணக்கு பைலை எடுத்தா ஒண்டுமே நடக்காது. பிஎச்பி ஆக்கள் பொதுவா ஒத்துக்கொண்ட எழுத்து முறைகளிலயும் இது இருக்கு, பிஎஸ்ஆர் 1 எண்ட பேரில: ஒரு பைல் ஒண்டில் பங்ஷன், கிளாஸ் அறிவிக்கவேணும், இல்லாட்டி வேலை செய்யவேணும், ரெண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது எண்டு.

கடைசியா ஒண்டு. பைல் ஒருக்கா எடுபட்டாலும் பால் இரட்டிக்க வேற வழி இருக்கு. அக்கா அவசரத்தில எஃப் 5ஐ அமத்தினா, படிவத்தைத் திருப்பி அனுப்பவோ எண்டு பிரவுசர் கேக்கும், ஓம் எண்டு அமத்தினா திரும்ப ஒரு வரி. ஒன்ஸ் இதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது, அது ஒரு பக்கம் ஓடி முடியும் வரைக்கும்தான் ஞாபகம் வைச்சிருக்கும். அதுக்கு ரெண்டு வேலை. லீற்றரைச் சேர்த்த உடன வேற பக்கத்துக்கு ரீடைரக்ட் பண்ணுங்கோ. அதோட டேட்டாபேசில ஆளின்ர இலக்கம், திகதி, காலையோ மாலையோ எண்ட மூண்டையும் சேர்த்து யுனீக் (அதே பெறுமதி ரெண்டு தரம் வர விடாத கட்டுப்பாடு) எண்டு போடுங்கோ. பிறகு கோட்டில என்ன பிழை விட்டாலும் ரெண்டாவது வரியை டேட்டாபேசே தடுக்கும். இரணைமடுக் குளக்கட்டு மாதிரி இது கடைசி அணை, முதல் அணை பைலுகளிலதான் இருக்கவேணும்.

—

மாங்குளம் சந்தி எழுதினது:

அக்கா சொன்னதோட ஒண்டு. பதிவுப் பக்கத்தில ஜாவாஸ்கிரிப்ட் இருந்தா அதையும் பாருங்கோ. தலைப்பகுதிப் பைலிலயும் ஒருக்கா, பக்கத்துக்குள்ளயும் ஒருக்கா எண்டு ஒரே ஸ்கிரிப்டைப் போட்டிருந்தா, பட்டனுக்குக் கிளிக் வேலை ரெண்டு தரம் கட்டுப்படும். ஒருக்கா அமத்தினா ரெண்டு தரம் அனுப்பும். ஜேகுவேரியை (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ரெண்டு தரம் போட்டா இன்னொரு கரைச்சல்: முதல் ஜேகுவேரியில பூட்டின பிளகினுகள் எல்லாம் ரெண்டாவது வந்த உடன காணாமல் போயிடும். நான் ஒரு கிழமை அதோட மாரடிச்சனான்.

—

அறிவியல்நகர் மாணவன் எழுதினது:

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடத்தில படிக்கிறன், இஞ்ச கிளிநொச்சியில. நாங்கள் சி, சி பிளஸ் பிளஸ் பக்கம். இதே பிரச்சினை எங்கட பக்கம் வேற மாதிரி வரும், அதையும் எழுதி வைக்கிறன், பின்னுக்குத் தேடி வாற ஆருக்கும் உதவும்.

எங்கட வீட்டுக் கிணத்தில நீர்மட்டம் பாக்க ஆர்டுயினோவில ஒண்டு செய்தனான், அல்ட்ராசொனிக் சென்சர் வைச்சு. ஆடி, ஆவணியில தண்ணி எவ்வளவு இறங்குது எண்டு அப்பாவுக்கு நாளாந்தம் தெரியவேணும், மிளகாய்க்கு இறைக்கிறதை அதை வைச்சுத்தான் முடிவெடுப்பார். சென்சருக்கு ஒரு ஹெடர் பைல், திரைக்கு ஒரு ஹெடர் பைல். திரை பைல் சென்சர் பைலை எடுக்கும், மெயின் பைல் ரெண்டையும் எடுக்கும். ரீடெபினிஷன் எண்டு எரர்.

சியில இன்க்ளூட் எண்டா அந்தப் பைலின்ர எழுத்தை அப்பிடியே கொண்டுவந்து ஒட்டுறது. பட்டியல் ஒண்டும் கிடையாது. அதால ஹெடர் தானே தனக்குக் காவல் போடவேணும்: முதல் வரியில, இந்தப் பேர் இன்னும் டிஃபைன் ஆகேல்லை எண்டா உள்ள போ எண்டு, அடுத்த வரியில அந்தப் பேரை டிஃபைன் பண்ணு, கடைசி வரியில என்டிஃப். இதைத்தான் இன்க்ளூட் கார்ட் எண்டுறது. இல்லாட்டி பிரக்மா ஒன்ஸ் எண்டு ஒரே வரி. அது மொழியின்ர ஸ்டாண்டர்டில இல்லை, ஆனா ஜிசிசி, கிளாங், மைக்ரோசொஃப்ட் கொம்பைலர் எல்லாம் ஏற்றுக்கொள்ளும்.

நான் விட்ட பிழை என்னெண்டா, சென்சர் ஹெடரைக் கொப்பி பண்ணித்தான் திரை ஹெடரைத் தொடங்கினனான். காவல் பேரை மாத்த மறந்துபோனன். ரெண்டு பைலுக்கும் ஒரே பேர். முதல் பைல் உள்ள வந்து பேரைப் பதிஞ்சிட்டுது, ரெண்டாவது பைல் வர, இந்தப் பேர் ஏற்கனவே இருக்கே எண்டு முழுப் பைலையும் தூக்கி எறிஞ்சிட்டுது. திரைக்கு எழுத எழுதின பங்ஷன் கண்ணுக்கு முன்னால கிடக்கு, கொம்பைலர் அப்பிடி ஒண்டு இல்லவேயில்லை எண்டுது. ரெண்டு இரவு போச்சு. கொப்பி பண்ணின உடன அந்தப் பேரைத்தான் முதல்ல மாத்தவேணும்.

இன்னொண்டு. காவல் போட்டும் மல்டிபிள் டெபினிஷன் எண்டு எரர் வந்தா, அது லிங்க் பண்ணேக்க வாற எரர். ஒவ்வொரு சிபிபி பைலும் தனித்தனியாக் கொம்பைல் ஆகும், ஒவ்வொண்டுக்கும் காவல் புதுசாத் தொடங்கும். ஹெடருக்குள்ள ஒரு குளோபல் வேரியபிளை உண்மையாவே உண்டாக்கி வைச்சா, அதை எடுத்த ஒவ்வொரு பைலிலயும் ஒண்டு பிறக்கும், லிங்கர் எல்லாத்தையும் சேர்க்கேக்கதான் இடிபடும். ஹெடரில எக்ஸ்டேர்ன் எண்டு பேரை மட்டும் சொல்லுங்கோ, வேரியபிளை ஒரே ஒரு சிபிபி பைலில உண்டாக்குங்கோ. அக்கா சொன்ன அதே விசயம்தான்: சொல்லி வைக்கிறது ஒரு இடம், செய்யிறது ஒரு இடம்.

—

மல்லாவிப் பெடியன் எழுதினது:

அக்கா, சரியான உபகாரம். நீங்கள் சொன்ன மாதிரியே எரர் வந்த இரவு அடிச்சுப் பாத்த நாலு பதிவுக்கும் நாலு வரிதான் கிடந்தது. பாத்த உடன மேல் சிலிர்த்துப்போச்சு.

இஃப் எல்லாத்தையும் கழட்டினன். லீற்றரைச் சேர்க்கிறதைப் பங்ஷன் ஆக்கினன். கொப்பிப் பைலுகளும் ரெண்டு ஆப்பிட்டது, நீங்கள் சொன்ன பேரில ஒண்டுகூட இருந்தது. எல்லா இன்க்ளூட்டையும் ரிக்வயர் ஒன்ஸ் ஆக்கி, டிர் போட்டன். இப்ப இரட்டிக்கேல்லை. ஆனா புதுசா ஒண்டு வந்திருக்கு: லீற்றர் சரி, விலை மட்டும் பூச்சியம். துண்டில மூண்டரை லீற்றர், 0.00 ரூபா எண்டு விழுகுது.

விலைகள் "விலைப்பட்டியல்" எண்ட பைலில இருக்கு. அந்தப் பைல் ஒரு அரேயை (பல பெறுமதிகளின்ர அடுக்கு) ரிட்டேர்ன் பண்ணும். பதிவும் ரசீதும் தனித்தனியா அதை ஒரு வேரியபிளுக்குள்ள எடுக்கும். பதிவில விலை சரியாக் காட்டுது, ரசீதிலதான் பூச்சியம்.

மற்றது யுனீக் போடுறதில ஒரு சிக்கல். சில வீட்டில ஒரே இலக்கத்துக்கு ரெண்டு கான் வரும். மகன் ஆறு மணிக்கு ஒண்டு கொண்டுவருவார், பிறகு ஏழு மணிக்குத் தாய் பட்டிப் பாலைக் கொண்டுவருவா. ரெண்டும் உண்மையான பால். அதை டேட்டாபேஸ் தடுத்தா அந்த ஆக்களுக்கு நட்டம்.

—

வட்டக்கச்சி அக்கா எழுதினது:

பூச்சியத்துக்கு ஒன்ஸ்தான் காரணம், நான் முதல்லயே சொல்லியிருக்கவேணும். ஒன்ஸ் ரெண்டாந்தரம் பைலை எடுக்காது, அதால அரேயும் வராது. அதுக்குப் பதிலா ட்ரூ எண்டு ஒரு விடையைத்தான் தரும். ரசீதில உங்கட வேரியபிளுக்குள்ள விலைப்பட்டியல் இல்லை, வெறும் ட்ரூ கிடக்கு. ட்ரூவுக்குள்ள விலையைத் தேடினா நல் (ஒண்டுமில்லை எண்ட பெறுமதி) வரும், அதை லீற்றரால பெருக்கினா பூச்சியம். பிஎச்பி 7.4ல இருந்து இந்த இடத்தில எச்சரிக்கை ஒண்டு குடுக்கும், உங்கட சாம்பில எச்சரிக்கைகளை மறைச்சு வைச்சிருக்கிறீங்கள் போல. வீட்டில எழுதேக்க அதைத் திறந்து வையுங்கோ.

விலைப்பட்டியல் ஒண்டையும் செய்யாது, ஒரு அரேயைத் தரும், அவ்வளவுதான். அதை எத்தினை தரம் எடுத்தாலும் ஒருதருக்கும் பாதிப்பில்லை. அந்தப் பைலுக்கு மட்டும் ஒன்சை எடுத்திட்டுச் சும்மா ரிக்வயர் போடுங்கோ. இதைவிட வடிவான வழி, பதிவில ஒருக்கா எடுத்து, ரசீது பங்ஷனுக்கு அந்த அரேயைக் கையில குடுத்து விடுறது. இதே சாதிப் பிழை இன்னொண்டு இருக்கு: ஒரு பங்ஷனுக்குள்ள நிண்டு ஒன்சால ஒரு பைலை எடுத்தா, அதுக்குள்ள இருக்கிற வேரியபிள்கள் அந்த பங்ஷனுக்குள்ள மட்டும்தான் வாழும். அடுத்த பங்ஷன் அதே பைலைக் கேக்கேக்க, ஏற்கனவே எடுத்தாச்சு எண்டு விட்டிடும், வேரியபிளும் கிடையாது. டேட்டாபேஸ் தொடுப்பை இப்பிடி எழுதிப்போட்டு, ஒரு பக்கம் வேலை செய்யுது மற்றப் பக்கம் செய்யேல்லை எண்டு அழுத ஆக்களை எனக்குத் தெரியும்.

ரெண்டு கான் விசயம் நல்ல கேள்வி. எனக்கு உங்கட நிலையம் எப்பிடி ஓடுது எண்டு தெரியாமல் சொல்லிப்போட்டன். அப்ப ஆளையும் நேரத்தையும் வைச்சுத் தடுக்காதேங்கோ. படிவம் திறக்கேக்கயே அதுக்கு ஒரு இலக்கத்தை உண்டாக்கி, மறைச்ச பெட்டிக்குள்ள போடுங்கோ. டேட்டாபேசில அந்த இலக்கம் யுனீக். அதே படிவம் எத்தினை தரம் வந்தாலும் ஒரு வரிதான் நிக்கும். தாய் ஏழு மணிக்கு வரேக்க புதுப் படிவம், புது இலக்கம், அந்தப் பால் தாராளமா ஏறும். துண்டிலயும் அந்த இலக்கத்தைச் சின்னனா அச்சடியுங்கோ. ஆரும் துண்டோட திரும்பி வந்தா எந்த வரி எண்டு உடன எடுக்கலாம்.

—

பூநகரிக் காத்து எழுதினது:

இந்த ட்ரூ விசயம் எனக்குத் தெரியாது. என்ர கடைக் கணக்கு சிஸ்டத்திலயும் செட்டிங்ஸ் பைலை ஒன்சாலதான் எடுக்கிறன். இண்டைக்குப் போய்ப் பாக்கிறன். கிளாசா எழுதி ஓட்டோலோட் போட்டா இவ்வளவும் தேவையில்லை எண்டு சொல்லினமே, அது சரியோ அக்கா?

—

வட்டக்கச்சி அக்கா எழுதினது:

கிளாசுகளுக்குச் சரி. ஒரு கிளாசின்ர பேர் முதல் தரம் வாற நேரம்தான் ஓட்டோலோடர் அந்தப் பைலைத் தேடி எடுக்கும். எடுத்தாப்பிறகு கிளாஸ் இருக்கு, திருப்பித் தேடாது. 2012ல கொம்போசர் (லைப்ரரிகளை எடுத்துத் தந்து ஓட்டோலோடரும் உண்டாக்கிற கருவி) வந்தாப்பிறகு பெரிய வேலைகளில ஆரும் கையால ரிக்வயர் எழுதுறது குறைவு. ஆனா பங்ஷனுகளை அது தானாத் தேடி எடுக்காது, செட்டிங்ஸ் அரேயையும் எடுக்காது. மல்லாவித் தம்பிக்கு இருக்கிறது நாலைஞ்சு பைல், நெட்டும் இல்லாத லப்டொப். இப்ப உள்ளதே போதும்.

—

மல்லாவிப் பெடியன் எழுதினது:

ரெண்டு நாளா ரசீது திரும்ப ஓடுது. முந்தநாள் இரவு எல்லாத்தையும் மாத்தி, அம்மாவின்ர பேரில இருபது தரம் அடிச்சு, எஃப் 5 அமத்தி, ரெண்டு கான் போட்டு, ஒவ்வொரு முறையும் டேட்டாபேசில வரியை எண்ணினன். நேற்று விடிய நானே போய் மேசைக்குப் பக்கத்தில நிண்டன். நாப்பத்தொரு பேர், ரெண்டு கான்காரர் மூண்டு வீடு, நாப்பத்துநாலு வரி. அக்காவின்ர கொப்பியோட ஒவ்வொண்டாச் சரிபாத்தம், லீற்றரும் காசும் ஒத்துவந்தது.

ஆச்சி வந்தவ. நீங்கள் விசாரிச்சதைச் சொன்னன், எந்த ஊர்ப் பிள்ளை எண்டு கேட்டவ. துண்டை வாங்கி அதே மாதிரிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு வாசிச்சா. மூண்டரை. கீழ சின்னனாக் கிடக்கிற இலக்கம் என்னெண்டு கேட்டவ, சொன்னன். அப்ப இதைக் கவனமா வைச்சிருக்கவேணும் எண்டு சேலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு போனவ.

அக்கா, ஒரு கடைசிக் கேள்வி. பழைய "கணக்கு" கொப்பிப் பைல் ரெண்டையும் அழிக்க மனம் வரேல்லை, பழசு எண்டு ஒரு போல்டர் போட்டு சாம்பின்ர எச்டி டொக்ஸுக்குள்ளயே (பிரவுசரால திறக்கிற பைலுகள் இருக்கிற போல்டர்) வைச்சிருக்கிறன். பரவாயில்லையோ?

—

வட்டக்கச்சி அக்கா எழுதினது:

வேண்டாம் தம்பி. அதுக்குள்ள கிடந்தா ஆரும் பிரவுசரில அந்தப் பைலை நேரடியாத் திறக்கலாம், அந்தப் பைல் எடுத்த உடன வேலை செய்யிற பழைய பைல். பென்டிரைவுக்கு மாத்திப்போட்டு லப்டொப்பில இருந்து எடுத்துவிடுங்கோ. இண்டைக்குப் பின்னேரப் பால் வர முந்தி.